புடாபெஸ்ட் வருகிறவர்களுக்கு: இங்கே குடியிருப்பவள் சொல்கிறேன்

டான்யூப்_கரை எழுதியது:

மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது "புடாபெஸ்டில் மூன்று நாள் இருக்கிறோம், என்ன பார்க்கலாம்" என்று கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி வைக்கிறேன். நாங்கள் எட்டாவது வட்டாரத்தில் இருக்கிறோம். வீட்டில் ஓர் அறை சும்மா கிடப்பதால் சொந்தக்காரர்கள், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று ஆள் வந்துகொண்டே இருக்கும். வாடகை எல்லாம் கிடையாது, நல்ல சாம்பார் பொடி கொண்டுவந்தால் போதும்.

வருகிற எல்லார் கையிலும் ஒரே பட்டியல்தான் இருக்கும். நாடாளுமன்றம், மீனவர் கொத்தளம், சங்கிலிப் பாலம், சேச்சேனி வெந்நீர்க் குளியல், ஒரு 'இடிபாட்டு பார்' (பாழடைந்த கட்டடத்தில் நடத்துகிற பார்), நியூயார்க் கபே. பட்டியலில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அத்தனையையும் காலை பத்து மணிக்குக் கிளம்பி மாலை ஐந்துக்குள் முடிக்கப் பார்க்கிறார்கள், அங்கேதான் கெட்டுப்போகிறது. இந்த ஊரில் எதைப் பார்ப்பது என்பதைவிட எத்தனை மணிக்குப் பார்ப்பது என்பதுதான் முக்கியம் என்பேன்.

மீனவர் கொத்தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் மேல் அடுக்குக்குக் கட்டணம் கட்டி, நூறு பேர் செல்ஃபிக் கம்புகளுக்கு நடுவே எட்டிப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் போனால் காசும் இல்லை, கூட்டமும் இல்லை. கொத்தளம் டான்யூப் ஆற்றுக்கு மேற்கே, புடா பக்கம் மலைமேல் கிழக்கு பார்த்து நிற்கிறது, ஆற்றுக்கு எதிரே பெஷ்ட் பக்கம் நாடாளுமன்றம், அதற்குப் பின்னாலிருந்துதான் சூரியன் வரும். இதைத் தவறவிட்டுவிட்டு மத்தியானம் போய் உச்சிவெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பானேன்? மேலே ஏற, மலைச்சரிவில் கம்பியால் இழுக்கிற அந்தக் கம்பிவண்டி வரிசையில் நிற்காதீர்கள். அது 1870இல் வந்த வண்டி, அழகுதான், ஆனால் தனி டிக்கெட், தினசரி பாஸ் செல்லாது. தேயாக் சதுக்கத்தில் 16ஆம் எண் பஸ் ஏறினால் அதே மலைமேல் இருக்கிற கோட்டைக்குச் சாதாரண பாஸிலேயே கொண்டுபோய் விட்டுவிடும்.

நாடாளுமன்றம் நேர்மாறு, அதை இருட்டியபின் பார்க்க வேண்டும். அதுவும் பக்கத்தில் நின்று அல்ல. இரண்டாம் மெட்ரோவில் ஆற்றைத் தாண்டி பத்தியானி சதுக்கத்தில் இறங்கி மேலே வந்தால் நேர் எதிரே 268 மீட்டர் நீளக் கட்டடமும் விளக்கேற்றி நிற்கும். உள்ளே போக வேண்டுமென்றால் முன்கூட்டியே இணையத்தில் டிக்கெட் எடுத்துவிடுங்கள், அன்றைக்குப் போய்க் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. நம் பாஸ்போர்ட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியக்காரர்களைவிடக் கட்டணம் கூடுதல், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. கோபுர உயரம் 96 மீட்டர், புனித ஸ்தேவான் பேராலயமும் அதே 96. ஹங்கேரியர்கள் இந்த மண்ணுக்கு வந்து குடியேறிய 896ஆம் ஆண்டை வைத்து என்பார்கள்.

போக்குவரத்துக்கு 72 மணிநேர டிக்கெட் ஒன்று வாங்கிவிட்டால் மெட்ரோ, டிராம், பஸ் எதற்கும் மறுபடி யோசிக்க வேண்டாம். சுற்றுலா பஸ் எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை. இரண்டாம் எண் டிராம் பெஷ்ட் கரையோரமாகவே ஓடுகிறது, ஒரு கோடியில் ஏறி மறு கோடிவரை போனால் மலை, கோட்டை, பாலங்கள், நாடாளுமன்றம் எல்லாம் ஜன்னலிலேயே வந்துவிடும். புடா பக்கத்து ஜன்னலில் உட்காருங்கள். அப்புறம் முதலாம் மெட்ரோ, மஞ்சள் வண்டி. 1896இல் திறந்தது, ஐரோப்பியக் கண்டத்தின் நிலப்பகுதியில் ஓடிய முதல் சுரங்க ரயில். பத்துப் பதினைந்து படி இறங்கினாலே நடைமேடை வந்துவிடும், பெட்டிகள் குட்டியாக இருக்கும். வேலைக்குப் போகிறவர்களோடு சேர்ந்து வீரர் சதுக்கம்வரை போய் வாருங்கள், அருங்காட்சியகம் பார்த்த கணக்கு.

இப்போதைக்கு இது போதும். கேளுங்கள்.

—

ஊர்சுற்றி_கோவை எழுதியது:

ரொம்ப நன்றி அக்கா. அக்டோபரில் வருகிறோம், நானும் மனைவியும். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் எப்படி வருவது என்று பத்து இடத்தில் பத்து விதமாக எழுதியிருக்கிறார்கள். டாக்சிக்காரர்கள் ஏமாற்றுவார்கள் என்கிறார்கள், உண்மையா? தங்குவதற்கு ஏழாவது வட்டாரத்தில் ஒரு அபார்ட்மெண்ட் பார்த்து வைத்திருக்கிறோம், எல்லாவற்றுக்கும் நடக்கும் தூரம் என்று போட்டிருக்கிறது.

—

டான்யூப்_கரை எழுதியது:

100இ பஸ் நேராக தேயாக் சதுக்கம் வரும், நடுவில் கால்வின் சதுக்கத்தில் நிற்கும். கவனம், அதற்குத் தனி டிக்கெட், 72 மணிநேர டிக்கெட் அதில் செல்லாது, இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஏறும்போது கார்டைத் தட்டியே பணம் கட்டலாம். காசை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் 200இ பஸ்ஸில் கொபான்யா-கிஷ்பெஷ்ட் வந்து மூன்றாம் மெட்ரோ பிடியுங்கள், அதில் சாதாரண டிக்கெட்டே செல்லும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாற வேண்டும், அவ்வளவுதான்.

டாக்சி 2013க்குப் பிறகு ஒழுங்காகிவிட்டது. எல்லா டாக்சிக்கும் மஞ்சள் நிறம் கட்டாயம், கிலோமீட்டர் கட்டணமும் ஒன்றுதான். விமான நிலைய வாசலில் கவுன்டர் இருக்கிறது, அங்கே சீட்டு வாங்கிக்கொண்டு ஏறுங்கள். உள்ளே வருகைக் கூடத்திலேயே வந்து "டாக்சி, டாக்சி" என்று தோளைத் தொடுகிறவர் பின்னால் மட்டும் போகாதீர்கள்.

ஏழாவது வட்டாரம்... விலாசத்தின் அஞ்சல் எண்ணைப் பாருங்கள். நான்கு இலக்கத்தில் நடு இரண்டும் வட்டார எண். 1075 என்றால் ஏழு, 1051 என்றால் ஐந்து, 1088 என்றால் எட்டு. மொத்தம் 23 வட்டாரங்கள், இந்த ஒரு சூத்திரம் தெரிந்தால் ஹோட்டல் விளம்பரத்தில் "நகர மையம்" என்று எதை வேண்டுமானாலும் போட்டு உங்களை ஏமாற்ற முடியாது. ஏழில் வட்டச்சாலைக்கு உட்புறம், அதாவது கசின்சி தெரு, கிராலி தெரு சுற்றுவட்டாரம், வெள்ளி சனி இரவு விடியும்வரை தூங்க விடாது. பிரிட்டனிலிருந்து மாப்பிள்ளைத் தோழர்கள் கும்பல் கும்பலாகக் குடிக்க வருகிற இடம் அது. பழைய வீடுகள் எல்லாம் நடுவில் முற்றம், சுற்றி நடைபால்கனி என்று கட்டியவை, கீழே ஒருவர் பெட்டியை உருட்டினால் நான்காம் மாடிவரை கேட்கும். இளவட்டங்களுக்குச் சரி. தூக்கம் வேண்டும் என்றால் பதின்மூன்றில் பொஜோன்யி சாலைப் பக்கம், இல்லையென்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பதினொன்றில் பார்டோக் பேலா சாலை. இரண்டு இடத்திலும் டிராம் பக்கத்தில், கபேக்கள் நிறைய, ஊர்க்காரர்கள் குடியிருக்கிற தெருக்கள்.

—

வியன்னா_வாசி எழுதியது:

தப்பாக நினைக்க வேண்டாம், எனக்கு இதில் கொஞ்சம் கருத்து வேறுபாடு. நான் வியன்னாவிலிருந்து அடிக்கடி வருகிறவன், ரயிலில் இரண்டே முக்கால் மணிக்கும் குறைவாகத்தான் ஆகிறது, கெலெதி நிலையத்தில் இறங்கினால் இரண்டாம் மெட்ரோவும் நான்காம் மெட்ரோவும் காலடியில். புடாபெஸ்டுக்கு இரண்டு நாள் தாராளம். அதற்குமேல் இருந்தால் ஒரே ஆற்றை நாலு கோணத்தில் படம் எடுப்பதுதான் மிச்சம். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஐரோப்பாவில் ஒவ்வொரு நாளும் காசு. வியன்னா, பிராத்திஸ்லாவா, புடாபெஸ்ட் மூன்றையும் சேர்த்து ஒரே வாரத்தில் முடிக்கிறதுதான் புத்திசாலித்தனம். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து கொத்தளத்துக்குப் போ என்று சொல்வதெல்லாம் ஊர்க்காரர்களுக்குச் சுலபம்.

—

டான்யூப்_கரை எழுதியது:

ஆறு ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் ரயிலைவிட்டு இறங்கி அதே ஐந்தாவது, ஏழாவது வட்டாரத்தை மட்டும் சுற்றிவிட்டுப் போனால் இரண்டு நாள் போதும்தான், ஒன்றரையே போதும். புடா மலைகளுக்கு ஏறியிருக்கிறீர்களா? அதற்கு முழுசாக ஒரு நாள் கொடுக்கச் சொல்வேன், அதுவும் பிள்ளைகளோடு வருகிறவர்கள் என்றால் நாடாளுமன்றத்தைக்கூட விட்டுவிட்டு இதற்குப் போகலாம்.

செல் கால்மான் சதுக்கத்தில் 21ஆம் எண் பஸ் பிடித்து நோர்மஃபாவில் இறங்குங்கள். அங்கே ரேத்தெஷ் விற்கும் கடை இருக்கிறது, மெல்லிய மாவை அடுக்கடுக்காகச் சுருட்டிச் சுட்டது, புளிச்செர்ரி, கசகசா, ஆப்பிள், இனிப்புப் பாலாடைக்கட்டி, முட்டைக்கோஸ் என்று வகை வகையாக உள்ளே வைத்திருப்பார்கள். கசகசா வாங்குங்கள். சாப்பிட்டுவிட்டுக் காட்டுவழியில் நடந்தால் யானோஷ் மலை உச்சி, 527 மீட்டர், ஊரிலேயே உயரமான இடம், மேலே 1910இல் திறந்த எலிசபெத் கோபுரம். கீழே இறங்கப் பிள்ளைகள் ரயில். பொம்மை ரயில் என்று நினைக்காதீர்கள், 11 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் நிஜமான குறும்பாதை ரயில், 1948இல் அன்றைய கம்யூனிஸ்ட் ஆட்சி 'இளம் முன்னோடிகள்' என்ற சிறுவர் இயக்கத்துக்காகத் தொடங்கியது. டிக்கெட் கொடுப்பது, சிக்னல் போடுவது, கொடி காட்டுவது எல்லாம் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள். இன்ஜின் ஓட்டுவது மட்டும் பெரியவர்கள். வண்டி கிளம்பும்போது நடைமேடையில் நின்று அந்தப் பிள்ளைகள் சல்யூட் அடிக்கும் முறைப்பைப் பார்க்க வேண்டும், நம் ஊர் ஸ்டேஷன் மாஸ்டர்கள் தோற்றார்கள். கடைசி நிறுத்தம் ஹூவொஷ்வொல்ஜ், அங்கிருந்து 61ஆம் எண் டிராமில் ஊருக்குள் வந்துவிடலாம். குளிர்மாதங்களில் திங்கட்கிழமை ரயில் ஓடாது, அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரு வாரத்தில் மூன்று தலைநகரம் என்று ஓடுவது உங்கள் விருப்பம். என் வீட்டுக்கு வந்தவர்களில் அப்படி ஓடியவர்களுக்கு எந்தப் படம் எந்த ஊரில் எடுத்தது என்றே குழப்பம்.

—

வியன்னா_வாசி எழுதியது:

பிள்ளைகள் ரயில் பார்த்ததில்லை, அது உண்மை. அடுத்த முறை ஏறுகிறேன். இரண்டு நாள் என்பதிலிருந்து மட்டும் இறங்கி வர மாட்டேன்.

—

பருப்புசாதம் எழுதியது:

எனக்கு ஒரே கேள்விதான். சைவம். முட்டைகூடக் கிடையாது. ஹங்கேரி என்றாலே குலாஷ், சலாமி என்கிறார்கள். பட்டினிதானா? ரெடிமேட் உப்புமா பொட்டலம் எத்தனை கொண்டுவரட்டும்?

—

டான்யூப்_கரை எழுதியது:

இரண்டு மூன்று பொட்டலம் போதும், அவசரத்துக்கு. பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு "வெஜ்" என்று நம்பவும் கூடாது. இங்கே கண்ணுக்குத் தெரியாமல் வருவது 'ஷீர்', அதாவது பன்றிக்கொழுப்பு. பழைய சமையலில் எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் அதுதான் இருக்கும். காய்கறிக் குழம்பு என்று போட்டிருந்தாலும் தாளித்தது அதில் இருக்கலாம். ஆகவே இறைச்சி இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, ஷீர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பொகாச்சா என்று குட்டி உப்பு ரொட்டி எல்லா பேக்கரியிலும் கிடைக்கும், அதில் 'தெப்பெர்தோஷ்' என்றால் பன்றிக்கொழுப்பு வறுவல் போட்டது, 'ஷாய்தோஷ்' என்றால் சீஸ். முட்டையே ஆகாது என்றால் அதன் மேற்பூச்சும் உங்களுக்குச் சிக்கல்தான், முட்டை தடவித்தான் சுடுகிறார்கள்.

சாப்பிடக் கூடியது: லாங்கோஷ், ஈஸ்ட் மாவைத் தட்டி எண்ணெயில் பொரித்துப் பூண்டுத் தண்ணீர் தடவி, மேலே புளிப்பு கிரீமும் துருவிய சீஸும். பார்த்தால் நம் பூரியின் பெரிய அண்ணன் மாதிரி இருக்கும். இதிலும் பொரிக்கிற எண்ணெயைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய சந்தை மாடியில் விற்பது சுற்றுலாக்காரர்களுக்கான விலை, ஊர்ச்சந்தைகளில், உதாரணமாக லெஹெல் சந்தையில், பாதி அலட்டலில் கிடைக்கும். ஃபொஸெலேக் என்று கெட்டியான காய்க் கூட்டு, பூசணி, கீரை, பட்டாணி, பயறு எல்லாவற்றிலும் செய்வார்கள், மேலே முட்டையோ இறைச்சியோ வைப்பதை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மாவு கரைத்துக் கெட்டியாக்குவார்கள், சோறு மட்டும்தான் குறை. கோடையில் வந்தால் புளிச்செர்ரியில் குளிர்ந்த சூப், முதலில் இது என்ன பாயசமா சூப்பா என்று முழிப்பீர்கள், பிறகு பிடித்துப்போகும்.

வார நாட்களில் மத்தியானம் 'நப்பி மெனு' என்று பலகை வைத்திருப்பார்கள், சூப்பும் ஒரு முக்கிய உணவும் சேர்த்து, சாயங்கால விலையில் பாதிகூட இருக்காது. அலுவலகக்காரர்கள் எல்லாம் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். வரிசையாகப் போய்த் தட்டில் வாங்குகிற சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் எல்லாம் கண்முன்னால் இருக்கும், விரலை நீட்டினால் போதும், மொழி வேண்டாம்.

காரத்துக்கு எரேஷ் பிஷ்டா. மிளகாயை உப்புப் போட்டு அரைத்த விழுது, எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும், பாட்டிலாகவும் ட்யூபாகவும். வீட்டுக்கு வருகிற தமிழர்கள் திரும்பிப் போகும்போது இதைத்தான் பெட்டியில் அடைக்கிறார்கள். மிளகாய்ப் பொடி வாங்குவதானால் 'ஏதெஷ்' காரமில்லாதது, 'சீப்போஷ்' காரமானது. கலோசா, செகெத் இரண்டு ஊர்ப் பொடிக்கும் பெயர் உண்டு.

—

டெப்ரெசன்_மாணவன் எழுதியது:

அக்கா சொன்னதோடு காசு விஷயம் நான் சேர்க்கிறேன், மாணவனுக்கு இதில்தான் அனுபவம் அதிகம் :)

இங்கே யூரோ கிடையாது, ஃபோரின்ட். சில கடைகள் யூரோ வாங்கும், ஆனால் அவர்கள் போடுகிற மாற்று விகிதத்தில் நீங்கள் தோற்பீர்கள். கார்டு எல்லா இடத்திலும் செல்லும். கார்டு மெஷினோ ஏடிஎம்மோ "உங்கள் ஊர்ப் பணத்தில் கழிக்கட்டுமா, ஃபோரின்டிலா" என்று கேட்டால் எப்போதும் ஃபோரின்ட். சுற்றுலா தெருக்களில் தனியாக நிற்கிற பளபள ஏடிஎம்களைத் தவிர்த்துவிட்டு, வங்கிக் கிளைச் சுவரிலேயே பதித்திருப்பதில் எடுங்கள். விமான நிலையத்தில் காசு மாற்றாதீர்கள்.

ரெஸ்டாரன்ட் பில்லில் கீழே 12, 15 சதவீதம் சேவைக் கட்டணம் ஏற்கெனவே போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் தனியாக டிப்ஸ் வேண்டாம். ரொக்கமாகக் கொடுக்கும்போது நோட்டை நீட்டிக்கொண்டே "கொசொனொம்" என்று சொல்லிவிடாதீர்கள். நன்றி சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ள மாட்டார், மீதியை நீயே வைத்துக்கொள் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். சில்லறை கைக்கு வந்தபிறகு நன்றி சொல்லுங்கள்.

தனியாக வருகிற ஆண்களுக்கு: வாட்சி தெருவில் இரண்டு பெண்கள் வந்து வழி கேட்டுவிட்டு "பக்கத்தில் ஒரு நல்ல பார் தெரியும்" என்றால் நடையைக் கட்டுங்கள். இரண்டு காக்டெய்லுக்கு வருகிற பில்லில் விமான டிக்கெட் எடுக்கலாம், வாசலில் நிற்கிற ஆட்கள் கார்டைத் தேய்க்காமல் விட மாட்டார்கள். பல வருஷமாக நடக்கிற வேலை.

டிக்கெட் பரிசோதகர்கள் மெட்ரோ எஸ்கலேட்டர் வாசலில் நிற்பார்கள். ஒற்றை டிக்கெட் வாங்கினால் அதை மெஷினில் குத்த வேண்டும், கையில் வைத்திருந்தால் மட்டும் போதாது. தெரியாது என்றால் விடமாட்டார்கள், அங்கேயே அபராதம்.

—

அம்மாஅப்பாவோடு எழுதியது:

எழுபது தாண்டிய பெற்றோருடன் வருகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மாவுக்கு ரத்த அழுத்தம். குளியல்களைப் பற்றி இருவருக்கும் ரொம்ப ஆசை. நடப்பது, படி ஏறுவது எவ்வளவு இருக்கும்? குளியலில் அம்மா என்ன உடுத்துவது என்பதே பெரிய பஞ்சாயத்தாக ஓடிக்கொண்டிருக்கிறது.

—

டான்யூப்_கரை எழுதியது:

முதலில் படிகள். நான்காம் மெட்ரோ 2014இல் வந்தது, எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. மூன்றாம் மெட்ரோவையும் புதுப்பித்து லிஃப்ட் வைத்துவிட்டார்கள். இரண்டாம் மெட்ரோதான் பெரியவர்களுக்குச் சிரமம், எஸ்கலேட்டர் நீளம், வேகமும் நம் ஊர் மாலில் பார்த்துப் பழகியதைவிட அதிகம், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலாம் மெட்ரோவில் படி குறைவுதான், ஆனால் லிஃப்ட் கிடையாது. பெரிய வட்டச்சாலையில் ஓடும் 4, 6 டிராம்கள் தாழ்தளம், ஏறுவதே தெரியாது. நான் புகழ்ந்த இரண்டாம் எண் டிராமில் பெரும்பாலும் பழைய பெட்டிகள், மூன்று உயரப் படி இருக்கும், அப்பாவைக் கைபிடித்து ஏற்றுங்கள். கோட்டைக்கு 16ஆம் பஸ். மார்கிட் தீவுக்கு 26ஆம் பஸ் உள்ளேயே போகும், அங்கே கார் கிடையாது, பூங்கா, நிழல், பெஞ்சு எல்லாம் உண்டு, ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார வைக்கலாம்.

குளியல் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. எல்லாரும் போகிற சேச்சேனி 1913இல் திறந்த மஞ்சள் அரண்மனை, வெட்டவெளிக் குளத்தில் ஆவி பறக்க, தண்ணீரில் நின்றபடியே தாத்தாக்கள் சதுரங்கம் ஆடுவார்கள், பார்க்க வேண்டியதுதான். ஆனால் வாரநாள் காலையில், திறந்தவுடன் போங்கள். மத்தியானத்துக்குமேல் அது குளியல் இல்லை, திருவிழா. பெற்றோரோடு என்றால் லுகாச் போகச் சொல்வேன். அங்கே மருத்துவர் சீட்டோடு வருகிற உள்ளூர் முதியவர்கள்தான் அதிகம், அவசரம் இல்லை, சத்தம் இல்லை, யாரும் யாரையும் படம் எடுப்பதில்லை. கெல்லேர்ட் குளியலைப் பழைய புத்தகங்களில் எல்லாம் தூக்கி வைத்திருப்பார்கள், அதைப் பழுதுபார்ப்புக்காக 2025 அக்டோபரில் மூடிவிட்டார்கள், வருஷக்கணக்கில் ஆகும். ருதாஷ் துருக்கியர் காலத்தது, 16ஆம் நூற்றாண்டுக் குவிமாடமும் எட்டுக்கோணக் குளமும் இன்னும் அப்படியே இருக்கின்றன, ஆண்கள் பெண்கள் நாள் கணக்கை முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு குளத்தின் சுவரிலும் வெப்பநிலை எழுதியிருக்கும். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் என்றால் 40க்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் குளம் வேண்டாம், 34, 36 போதும், அதிலும் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், வெளியே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்கட்டும். கிளம்புமுன் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உடுப்பு: நீச்சலுடைத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டும், பருத்தி டீ ஷர்ட், நைட்டி, உள்ளாடை எல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். முழங்கால்வரை பாவாடையோடு வருகிற நீச்சலுடை சென்னையிலேயே கிடைக்கிறது, வாங்கி வாருங்கள். உண்மையைச் சொன்னால் அங்கே வருகிற ஹங்கேரியப் பாட்டிகளைப் பார்த்ததும் உங்கள் அம்மாவின் கூச்சம் அரைமணியில் போய்விடும். துண்டு, ரப்பர் செருப்பு சொந்தமாகக் கொண்டு போங்கள். நீச்சலடிக்கிற குளத்தில் தொப்பி கட்டாயம். சின்னப் பிள்ளைகளை வெந்நீர்க் குளங்களில் விடுவதில்லை, பிள்ளைகளோடு கோடையில் வருகிறவர்கள் மார்கிட் தீவில் இருக்கிற பலாத்தினுஷ் போகலாம்.

—

கணக்குப்பிள்ளை எழுதியது:

நல்ல இழை. ஒன்று கேட்க வேண்டும், கொஞ்சம் உறுத்தலான கேள்வி. ஏர்பிஎன்பியை எல்லாம் தடை செய்துவிட்டார்கள் என்று படித்தேன். அப்படியென்றால் அபார்ட்மெண்ட் புக் பண்ணுவது சட்டவிரோதமா? சுற்றுலாக்காரன் காசு வேண்டும், சுற்றுலாக்காரன் வேண்டாம், இது என்ன நியாயம்?

—

டான்யூப்_கரை எழுதியது:

ஊர் முழுக்க இல்லை. ஆறாவது வட்டாரம் மட்டும், தெரேஸ்வாரோஷ். 2024 செப்டம்பரில் அங்கே குடியிருக்கிறவர்களிடம் வாக்கெடுத்தார்கள், பாதிக்குச் சற்று மேல் தடை வேண்டும் என்றார்கள், 2026 ஜனவரியிலிருந்து அங்கே குறுகியகால வாடகை கூடாது. இது தவிர, அரசு 2025, 2026 இரண்டு ஆண்டுக்கு ஊர் முழுக்கப் புதுப் பதிவுகளை நிறுத்தி வைத்தது. அதனால் 106 என்று தொடங்கும் விலாசத்தில் யாராவது அபார்ட்மெண்ட் தருகிறேன் என்றால் நன்றாக விசாரியுங்கள், கடைசி நேரத்தில் கைவிரித்தால் நடுத்தெருவில் நிற்பது நீங்கள். மற்ற வட்டாரங்களில் பதிவு எண் விளம்பரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுக்கலாம்.

நியாயம் கேட்டீர்கள். நடைபால்கனி வீட்டில் பத்து வீடு இருந்து அதில் ஆறு வீடு வாராவாரம் ஆள் மாறுகிற வாடகை என்றால் மீதி நாலு வீட்டுக்காரர்கள் எப்படி இருப்பது? வாடகை எங்கே போய்விட்டது என்று இங்கே படிக்க வருகிற பிள்ளைகளைக் கேளுங்கள். நான் தடைக்கு ஆதரவுதான். ஹோட்டல்காரர்களுக்குத்தான் லாபம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு, அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

—

டெப்ரெசன்_மாணவன் எழுதியது:

அறை தேடி அலைந்தவன் என்ற முறையில் அக்கா பக்கம்.

—

ஊர்சுற்றி_கோவை எழுதியது:

ஏழாவதை ரத்து செய்துவிட்டுப் பதின்மூன்றில் ஒரு சின்ன ஹோட்டல் எடுத்துவிட்டோம். இடிபாட்டு பார் என்று சொன்னீர்களே, குடிக்காதவர்கள் போகலாமா? நியூயார்க் கபே வரிசையில் நிற்கலாமா வேண்டாமா? ஆற்றங்கரையில் இருக்கிற இரும்புச் செருப்புகள் பற்றியும் நீங்கள் எதுவும் சொல்லவில்லை.

—

டான்யூப்_கரை எழுதியது:

இடிபாட்டு பார்களில் சிம்ப்லா என்பதுதான் எல்லாவற்றுக்கும் மூத்தது. யாரும் குடியில்லாமல் இடிக்கக் காத்திருந்த கட்டடங்களில் உடைந்த நாற்காலி, பழைய குளியல்தொட்டி எல்லாம் போட்டுத் தொடங்கியது. இரவு பத்துக்குமேல் நுழையவே முடியாது. மத்தியானம் போய் ஒரு எலுமிச்சைச் சாறு வாங்கிக்கொண்டு உள்ளே சுற்றிப் பாருங்கள், குடிக்கவில்லையே என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வட்டாரம் பழைய யூதக் குடியிருப்பு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1859இல் கட்டிய தொஹான்யி தெரு யூத ஆலயம், ஐரோப்பாவிலேயே பெரியது, பத்து நிமிட நடையில் இருக்கிறது. அதன் பக்கத்துத் தோட்டத்தில் 1944-45 குளிர்காலத்தில் கெட்டோவில், அதாவது யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியில், செத்தவர்களைப் புதைத்திருக்கிறார்கள்.

செருப்புகளும் அந்தக் குளிர்காலத்துக் கதைதான். நாஜிகளோடு சேர்ந்த ஹங்கேரிய அம்புச் சிலுவைக் கட்சிக்காரர்கள் யூதர்களை ஆற்றோரம் நிறுத்திச் செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். 2005இல் 60 ஜோடி இரும்புச் செருப்புகளைக் கரையில் பதித்தார்கள். அங்கே போய் அதற்குள் காலை விட்டுப் படம் எடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், நம்மவர்களும் உண்டு, தயவுசெய்து வேண்டாம். நாடாளுமன்றத்திலிருந்து தெற்கே கொஞ்ச தூரம், ஆற்றில் வெள்ளம் ஏறினால் அந்தக் கரையை மூடிவிடுவார்கள்.

நியூயார்க் கபே உள்ளலங்காரம் அபாரம், 1894இல் திறந்தது. ஒரு காபிக்காக ஒரு மணிநேரம் வாசலில் நிற்பது உங்கள் இஷ்டம். தங்கமுலாம் பார்க்க ஆசையென்றால் கால்வின் சதுக்கத்தில் சாபோ எர்வின் நூலகத்துக்குப் போங்கள். வெளியே சாதாரண நூலகம். உள்ளே மாடி ஏறினால் வெங்க்ஹெய்ம் என்ற பிரபுக் குடும்பத்தின் பழைய மாளிகை அப்படியே வாசிப்பறையாக இருக்கிறது, மர வளைபடிக்கட்டு, சரவிளக்கு, அதன் கீழே கல்லூரிப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் அனுமதி வாங்கிக்கொள்ளலாம், பேசாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஓபரா அரங்கமும் அப்படியே, சுற்றிக் காட்டும் டிக்கெட்டைவிட மேல் மாடத்தில் ஒரு நிகழ்ச்சி டிக்கெட் சில நாள் மலிவாக வந்துவிடும். கட்டடத்தையும் பார்த்த மாதிரி, பாட்டும் கேட்ட மாதிரி.

ஓவியம் பிடிக்கும் என்றால் இன்னொன்று. நம் அம்ரிதா ஷெர்கில் 1913இல் பிறந்தது இந்த ஊரில்தான், அம்மா ஹங்கேரியர்.

—

பருப்புசாதம் எழுதியது:

நாங்கள் டிசம்பர் 23 வந்து 26 கிளம்புகிறோம். கிறிஸ்துமஸ் சந்தை பார்க்கத்தான் முக்கியமாக வருகிறோம். ஏதாவது விசேஷமாகக் கவனிக்க வேண்டுமா?

—

டான்யூப்_கரை எழுதியது:

ஐயோ, டிக்கெட் எடுத்தாகிவிட்டதா? 24ஆம் தேதி மத்தியானத்தோடு ஊர் அடங்கிவிடும். 2024இலிருந்து அன்றும் விடுமுறை, கடைகள் பெரும்பாலும் திறப்பதே இல்லை, சந்தைகள், கபேக்கள் எல்லாம் வரிசையாக மூடுவார்கள், நாலு மணி வாக்கில் மெட்ரோ, டிராம், பஸ்கூடப் படிப்படியாக நின்றுவிடும். சில முக்கிய வழிகளில் இரவு வண்டி மட்டும் பேருக்கு ஓடும். கிறிஸ்துமஸ் என்றால் இங்கே கொண்டாட்டமே 24 மாலை வீட்டுக்குள்தான், தெருவில் இல்லை. 25, 26 இரண்டும்கூட விடுமுறை. வொரொஷ்மார்தி சதுக்கச் சந்தையையும் பேராலயச் சந்தையையும் 23ஆம் தேதி வந்திறங்கிய கையோடு பார்த்துவிடுங்கள். கூர்த்தோஷ் கலாச் என்று கட்டையில் சுற்றிச் சுட்ட இனிப்பு அங்கே கிடைக்கும், மாவில் முட்டை உண்டு என்பதால் உங்களுக்கு ஆகாது.

—

பருப்புசாதம் எழுதியது:

எடுத்தாகிவிட்டது, பணமும் திரும்பாது. அப்படியென்றால் 24 இரவு சாப்பாடு?

—

டெப்ரெசன்_மாணவன் எழுதியது:

உப்புமா பொட்டலத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள் :) சமையலறை இருக்கிற இடமாக எடுங்கள். 23 அன்றே சூப்பர்மார்க்கெட்டில் பால், தயிர், ரொட்டி, காய் வாங்கி வைத்துவிடுங்கள், 24, 25, 26 மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

—

டான்யூப்_கரை எழுதியது:

தங்குமிடம் ஆற்றுக்கு நடக்கிற தூரத்தில் இருக்கட்டும், டிராம் இல்லாத அந்த இரவில் நடந்தே போய்விடலாம். 26ஆம் தேதி விமானம் எத்தனை மணிக்கு? விடுமுறை அட்டவணைப்படி 100இ ஓடும், ஆனால் கூட்டம் அதிகம், ஒரு பஸ் முன்னதாகவே பிடியுங்கள். சந்தேகம் என்றால் தனியாகச் செய்தி அனுப்புங்கள், ஊரில் இருந்தால் ரசம் வைத்துத் தருகிறேன்.